முதுகில் மீசைக்காரன்

கல் போன கோடையில் கப்பலில் வந்தது. தெற்கே ஏதோ ஊரில் ஆண்கள் குடித்துக்கொண்டே கோலால் பந்து தள்ளி விளையாடும் மேசை ஒன்றின் அடிப்பலகை. மேசை உடைந்ததும் கல்லை மட்டும் பனிக்கடல் ஓரத்து எங்கள் அச்சுக்கூடத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். கறுத்த, தட்டையான கல். இதன் மேல் எத்தனை பேர் தோற்றிருப்பார்கள் என்று நௌயா ஒருமுறை கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள்.

தண்ணீர் ஊற்றுவாள். உப்புத்தாளைக் கட்டையில் சுற்றிக்கொண்டு வட்டம் வட்டமாகத் தேய்ப்பாள். கறுப்புச் சேற்றைத் துடைத்துவிட்டுக் கன்னத்தைக் கல்லோடு வைத்து மேடு பள்ளம் பார்ப்பாள். மறுபடி தண்ணீர். வலது தோள் ஓய்ந்தால் இடது கை. தேய்க்கும் நாட்களில் அவளோடு யாரும் பேசுவதில்லை. அந்தச் சத்தத்தில் அவளுக்குக் கேட்காது என்பது ஒரு காரணம். அவள் முகம் இன்னொரு காரணம். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு கையால் இன்னொரு கையைத் தூக்கித்தான் அங்கியின் கைக்குள் நுழைப்பாள். நான் அவளுக்கு அடுத்த மேசை, அடுத்த வீடு. அந்தக் கையை இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊரில் வரைகிறவர்கள் வீட்டில் உட்கார்ந்து வரைவார்கள். அதைக் கல்லில் வெட்டி, மை ஏற்றி, தாளில் எடுப்பது எங்கள் வேலை. அச்சின் அடியில் வரைந்தவர் பெயரும் இருக்கும், வெட்டியவர் பெயரும் இருக்கும். இரண்டாவது பெயரை யாரும் படிப்பதில்லை. நௌயா அந்த இரண்டாவது பெயராகவே இருந்தவள். மற்றவர்களுடைய ஆந்தைகள், மற்றவர்களுடைய கடல்நாய்கள். இந்த வருஷம்தான் முதல்முறையாக அவள் தானே வரைந்த ஒரு படத்தைக் கூடத்தில் எடுத்துக்கொண்டார்கள்.

படம் இதுதான். ஒரு பெண் குனிந்து நடக்கிறாள். முதுகில் பிள்ளையைச் சுமக்கும் பை வைத்த அங்கி போட்டிருக்கிறாள். பைக்குள் இருப்பது பிள்ளை இல்லை. தொங்கு மீசை வைத்த, வளர்ந்த ஆள். அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருக்கிறான்.

கூடத்துத் தலைவர் பாவுலூசி அதைப் பார்த்துவிட்டு இருமல் வரும்வரை சிரித்தார்.

"யாரும்மா இந்த மீசை?"

"எங்க வீட்டுக்காரர்."

"அவருக்கு முன்பல்லே ரெண்டும் விழுந்து கெடக்கு. மீசை எப்ப மொளச்சது?"

நௌயாவும் சிரித்தாள். அவள் சிரித்து நாளாகியிருந்தது.

அவள் புருஷன் அக்சாயுக் ஓர் இலையுதிர்காலத்தில், கடல் சரியாக உறைவதற்கு முன், பனிவண்டியோடு மெல்லிய ஐஸுக்குள் போய்விட்டான். அடுத்த வசந்தத்தில் அவன் தங்கை மீக்காவுக்கு ஒரு பெண் பிறந்தது. அதற்கு அக்சாயுக் என்று பெயர் வைத்தார்கள். பெயர் வந்துவிட்டால் ஆள் வந்துவிட்ட மாதிரி. மீக்கா தன் மகளை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறாள். "அண்ணே, மூக்கச் சிந்திட்டுப் பள்ளிக்கூடம் போ" என்று அவள் வாசலில் நின்று கத்துவதைத் தினமும் கேட்கலாம். நௌயாவுக்கு அந்தப் பெண் "என்னங்க". அந்தப் பெண்ணுக்கு நௌயா "பொண்டாட்டி". முதுகுப் பையில் பாதி நாள் அவளைச் சுமந்து வளர்த்ததும் நௌயாதான். இப்போது ஏழு வயது. மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக நௌயாவின் வீட்டுக்கு வந்து, புருஷன் அக்சாயுக் முன்பு உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, கடல்நாய் ஈரலில் முதல் துண்டைத் தின்றுவிட்டுப் போவாள். குளிர்காலம் வருமுன் தோல் பூட்ஸ் தைக்கும்போது நௌயா முதலில் தைப்பது அவளுக்குத்தான்.

இதில் சிரிக்கவும் இருக்கிறது, சிரிக்க முடியாததும் இருக்கிறது. முன்னால் இருந்தபோது அக்சாயுக் சந்தேகக்காரன்.

*

யூசிப்பி தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். மனைவியை இழந்தவன். பேச்சு குறைவு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் லாரியை நிறுத்தி, குழாயை இழுத்து மாட்டி, தொட்டி நிரம்பியதும் சுருட்டிக்கொண்டு போய்விடுவான். நௌயாவின் வீட்டில் மட்டும் தொட்டி நிரம்பி வெளியே சொட்டிய பிறகும் நின்றுகொண்டிருப்பான். வழிந்த தண்ணீர் அவள் வாசலில் வழுக்குப் பாறையாக உறைந்து கிடக்கும்.

ஊர் வானொலிக்கு ஒரு நாள் யாரோ ஒருத்தி போன் போட்டாள். பறவை வேட்டைக்குத் தோட்டா விற்பனைக்கு இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு, குரலை மாற்றாமல் சொன்னாள். "அப்புறம், நௌயா வீட்டு வாசல்ல சறுக்கு விளையாடப் பிள்ளைங்க போகுதுங்க. தண்ணி வண்டிக்காரர் கொஞ்சம் பார்த்து ஊத்தினா நல்லது. இல்ல, இன்னும் நல்லா ஊத்தினாலும் நல்லதுதான்."

கூடத்தில் எல்லோரும் உளியை வைத்துவிட்டுச் சிரித்தோம். நௌயா உளியைக் கல்லிலிருந்து எடுக்கவில்லை. கழுத்து மட்டும் சிவந்தது.

ஏப்ரல் கடைசியில் அவன் கூடத்துத் தொட்டிக்குத் தண்ணீர் விட வந்தான். குழாயை மாட்டிவிட்டு உள்ளே வந்து அவள் மேசைக்குப் பக்கத்தில் நின்றான். அவள் அந்த மீசையை வெட்டிக்கொண்டிருந்தாள். முகத்தைப் பள்ளமாக வெட்டி, கண், மூக்கு, வாய், மீசையை மட்டும் மேடாக விட வேண்டும். மேட்டில்தான் மை ஏறும். நான் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை.

"ஐஸ் இருக்கறப்பவே ஏரிக்கு மீன் பிடிக்கப் போறேன்," என்றான்.

அவள் புருவத்தைத் தூக்கினாள். சரி என்று அர்த்தம்.

வெளியே லாரியின் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"கூடாரம் பெருசு."

"ம்."

"திரும்பி வந்தப்புறம் வீடும் பெருசு. ஒரு ஆளுக்கு."

அவள் உளியின் நுனியில் இருந்த தூளை ஊதினாள். "வீட்டுக்காரரைக் கேக்கணும்."

"கேளு," என்றான் யூசிப்பி. "நான் இருக்கேன்."

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவள் அன்றைக்கே அவனை மறந்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

*

மீக்கா வீட்டுக்கு நௌயா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். தனியாகப் போகக் கால் வரவில்லை என்றாள்.

தரையில் அட்டையை விரித்து அதன் மேல் உறைந்த மான்கறி வைத்திருந்தார்கள். மீக்கா ஊலுக் கத்தியின் வளைந்த வாயால் கறியை இழைத்து இழைத்து எடுத்துக்கொண்டிருந்தாள். நாங்களும் சுற்றி உட்கார்ந்தோம். கறியை ஒவ்வொரு துண்டாக நாக்கில் கரையவிட்டோம். அக்சாயுக் காலை நீட்டிக்கொண்டு, ஒரு கொழுப்புத் துண்டை விரலில் வைத்து நக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன் ரெண்டு பேரும் செத்த வீட்டுக்கு வந்தவங்க மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றாள் மீக்கா. "யூசிப்பி விஷயம்தானே? ஊருக்கே தெரியும். நீ வாயத் தொறந்தாதான் இங்க வேற யாராவது பேச முடியும்."

"உன்கிட்டக் கேக்க வரல."

"தெரியுது. எங்கண்ணன்கிட்டக் கேக்க வந்திருக்க. கேளு. இதோ கொழுப்பு நக்கிக்கிட்டு இருக்காரு."

நௌயா அந்தப் பெண்ணைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள்.

"என்னங்க."

"என்ன பொண்டாட்டி?"

"யூசிப்பி இருக்காருல்ல. தண்ணி வண்டி."

"தெரியும். ஹாரன் அடிக்கச் சொன்னா அடிப்பாரு."

"அவரு என்னைக் கூட இருக்கச் சொல்றாரு. ஏரிக்கு. அப்புறம் அவரு வீட்டுல."

அக்சாயுக் நக்குவதை நிறுத்தினாள். "எத்தன நாளு?"

"நாளு இல்லீங்க. எப்பவும்."

மீக்காவின் கையில் ஊலு அசையாமல் நின்றது. வெளியே நாய்கள் எதற்கோ ஒரு சுற்று குலைத்து அடங்கின.

"அப்ப எனக்கு யாரு பூட்ஸ் தைப்பா?"

"நான்தான் தைப்பேன்."

"அவருக்கும் தைப்பியா?"

நௌயா பொய் சொல்லத் தெரியாதவள். புருவத்தைத் தூக்கினாள்.

"யாருக்கு முதல்ல?"

நௌயா கறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்சாயுக் மூக்கைச் சுருக்கினாள். அதுவே போதும், எங்கள் ஊரில் மூக்கைச் சுருக்கினால் இல்லை என்றுதான் அர்த்தம். ஆனாலும் வாயாலும் சொன்னாள்.

"முடியாது. நீ என் பொண்டாட்டி."

மீக்கா சிரிக்கத்தான் தொடங்கினாள். பாதியில் விட்டுவிட்டாள். "அப்படியே எங்கண்ணன்," என்றாள் மெதுவாக. "அந்த மூக்கு. அந்தக் குரல். அண்ணே, கொஞ்சம் விட்டுக் குடுக்கக் கூடாதா? உனக்கு என்ன, நீ பள்ளிக்கூடம் போற ஆளு."

"முடியாது."

"சின்னப் பிள்ள பேச்சு, நௌயா. நீ போ. நான் பாத்துக்கறேன்."

"சின்னப் பிள்ள இல்ல," என்றாள் நௌயா. "அப்படி மாத்திப் பேசாத. நேத்து வரைக்கும் ஈரல்ல முதல் துண்டு குடுத்துட்டு, எனக்கு வேணுங்கறப்ப மட்டும் சின்னப் பிள்ளையா?"

மீக்கா வாயை மூடிக்கொண்டாள். நௌயா சொன்னது சரி. தேநீர் குடித்தோம். ஆறிப்போன தேநீர்.

திரும்பி வரும்போது பனி கடினமாகி, காலடியில் நொறுங்கியது. சூரியன் மலைக்குப் பின்னால் போகாமல் மலை மேலேயே நடந்துகொண்டிருந்தது. அந்த மாதங்களில் இருட்டே வராது. தூக்கமும் வராது. நௌயா என் பக்கம் பார்க்காமல் கேட்டாள்.

"அக்கா, ஒரே ஆளுக்கு ரெண்டு தடவை பயப்படணுமா?"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அது வலிக்கிற கை என்று பிறகுதான் ஞாபகம் வந்தது.

*

அக்சாயுக் முன்னால் இருந்தபோது நடந்ததை எங்கள் கூடத்தில் எல்லோரும் அறிவார்கள். அவன் சிற்பி. கரடியும் வால்ரஸும் செதுக்குவான். கை நல்ல கை. உளியைத் தன் நெஞ்சுப் பக்கமாக இழுத்து வெட்டுவான். மற்ற எல்லோரும் வெளியே தள்ளி வெட்டுவோம். ஒரு நாள் மத்தியானம் கூடத்துக்கு வந்தவன், நௌயாவோடு சேர்ந்து அச்செடுத்த ஓர் ஆள் ஏதோ சொல்லி அவளைச் சிரிக்க வைத்ததைப் பார்த்தான். எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, அவள் இரண்டு மாதமாக வெட்டியிருந்த கல்லை அரத்தால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டுப் போனான்.

அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. தண்ணீர் ஊற்றி அந்தக் கல்லை மறுபடி முதலிலிருந்து தேய்த்தாள். அன்றைக்குத் தொடங்கியதுதான் தோள்வலி என்று நான் நினைக்கிறேன். அடிக்கிறவன் இல்லை அவன். பின்னால் அழுதான். பிறகும் அவள் கூடத்தில் யாரோடும் சிரிக்கவில்லை.

பெயர் திரும்பி வந்தபோது நாங்கள் பேசிக்கொண்டோம், இந்தமுறை அவன் மென்மையாக வந்திருக்கிறான் என்று. அப்படித்தான் இருந்தது. அந்தப் பெண் நௌயாவின் மடியில் தூங்கினாள். பூ பறித்துக் கொண்டுவந்தாள். நௌயா அவளுக்குச் சடை பின்னிவிடும்போது, அந்த முரட்டு ஆளுக்கே பின்னிவிடுவது போல, பழைய கோபம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதைப் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் தண்ணீர் லாரி வந்தது. நௌயா வாசலில் நின்று யூசிப்பியைப் பார்த்து மூக்கைச் சுருக்கினாள். அவன் தலையை ஆட்டினான். குழாயை மாட்டினான். தொட்டி பாதி நிரம்பியிருக்கும், சுருட்டிக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு எப்போதும் பாதித் தொட்டிதான். கோபத்தால் இல்லை. அங்கே நிற்க முடியவில்லை அவனால். அவள் பாத்திரம் கழுவிய தண்ணீரிலேயே கையின் மையையும் கழுவிக்கொண்டாள். வாசலில் உறைந்திருந்தது வெயிலில் உருகி ஒன்றுமில்லாமல் போயிற்று. வானொலியில் யாரும் வேடிக்கை பேசவில்லை.

*

மே மாதம் அச்செடுக்கத் தொடங்கினோம். ஒரு கல்லிலிருந்து ஐம்பது அச்சு. ஐம்பதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். எடுத்து முடித்ததும் கல்லின் முகத்தைத் தேய்த்து அழித்துவிடுவோம். பிறகு அந்தப் படம் கல்லில் கிடையாது. மாதக் கடைசியில் எல்லாம் விமானத்தில் தெற்கே போக வேண்டும்.

ஒரு அச்சு எடுப்பதற்குள் முதுகு போதும் என்று சொல்லிவிடும். உருளையால் அங்கிக்கு நீலம், முகங்களுக்குச் சுற்றிலும் கறுப்பு, தரைக்குச் சாம்பல். மெல்லிய தாளை இரண்டு பேர் பிடித்து இறக்க வேண்டும். அது மூச்சுக்கே நகரும். பிறகு கடல்நாய்த் தோல் சுற்றிய தட்டால் தேய்க்க வேண்டும், நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஓர் இடம்கூட விடாமல். மூலைகளுக்குக் கரண்டியின் முதுகு. தூக்கிப் பார்த்து, காயவைத்து, கல்லைத் துடைத்து, மறுபடி மை. நான் தாள் பிடித்தேன். தேய்த்ததெல்லாம் நௌயாதான். என்னைத் தொடவிடவில்லை.

அக்சாயுக் பள்ளிக்கூடம் விட்டதும் வந்து, மேசைக்கு அடியில் கவிழ்த்திருந்த வாளி மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஏரிப் பேச்சு நடந்த நாளிலிருந்து அவளும் பேச்சைக் குறைத்திருந்தாள். ஈரலை முழுசாகத் தின்பதில்லை என்று நௌயா சொன்னாள்.

பாதி அச்சு எடுத்திருந்தபோது ஒரு நாள் கேட்டாள்.

"பொண்டாட்டி, இவ ஏன் இப்படிக் குனிஞ்சிருக்கா?"

"பாரம்."

"மீசைக்காரரா பாரம்?"

நௌயா தேய்த்துக்கொண்டே புருவத்தைத் தூக்கினாள்.

"அவரு யாரு? நானா?"

"நீங்கதான். முன்னாடி இருந்தப்ப."

அவள் மூக்குக்குக் கீழே தடவிப் பார்த்துக்கொண்டாள். "எனக்கு மீசை இல்லியே."

"இப்ப இல்ல."

"மீசை இல்லன்னா பாரம் இருக்காதா?"

"இருக்கும். பிள்ளையும் பாரம்தான். உங்கள எவ்வளவு நாள் தூக்கியிருக்கேன், தெரியாதா? ஆனா பிள்ளைங்க கொஞ்ச நாள்ல தானா எறங்கி நடக்குங்க." தாளின் ஓரத்தை நகத்தால் தூக்கிப் பார்த்தாள். இன்னும் மை சரியாக ஏறவில்லை. மறுபடி படுக்கவைத்தாள். "பெரியவங்கதான் எறங்க மாட்டாங்க."

இதை அவள் குத்தலாகச் சொல்லவில்லை. களைப்பில் சொன்னாள். களைத்தவர்கள் சொல்வதை நாம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

*

அடுத்த வாரம் காற்று எழுந்து மூன்று நாள் நின்று அடித்தது. பள்ளிக்கூடம் மூடிவிட்டார்கள். நாங்கள் மட்டும், வழி தவறாமலிருக்கக் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தோம். அக்சாயுக்கும் நௌயாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு வந்தாள். மத்தியானம் ரொட்டியும் தேநீரும் சாப்பிட்ட பிறகு நௌயா அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள், மைக் கையோடு அப்படியே தூங்கிப்போனாள். அவளைத் தூங்கவிட்டு நான் பின்னறைக்கு உருளை கழுவப் போனேன். பாவுலூசி காய்ந்த அச்சுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். காற்றில் கூரைத் தகரம் அடித்துக்கொண்டே இருந்தது. வேறு எதுவும் கேட்கவில்லை.

நான் திரும்பி வந்தபோது அக்சாயுக் வாளி மேல் ஏறி நின்று கல்லின் மேல் குனிந்திருந்தாள். கையில் நௌயாவின் சிறிய உளி.

கிட்டப் போய்ப் பார்த்தேன். மீசை இல்லை.

மேடாக இருந்த மீசையை முழுவதும் எடுத்திருந்தாள். கல்தூள் அந்த முகத்தின் மேல் மாவு மாதிரி கிடந்தது. பாவுலூசி என் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தார். கல்லைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

நௌயா விழித்துக்கொண்டாள். நாங்கள் நின்ற விதத்திலேயே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மெதுவாக எழுந்து வந்தாள். அவள் முகத்தில் அந்த நிமிஷம் வந்தது கோபம் இல்லை. ரொம்பப் பழைய ஒன்று. அரத்தால் கீறிய கல்லுக்கு முன்னால் நின்றபோதும் அந்த முகம்தான்.

கூரைத் தகரம் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

அவள் தூளை ஊதினாள். கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவினாள். இன்னொருமுறை தடவினாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து என் விரலை அங்கே வைத்தாள். வழவழவென்று இருந்தது. கன்னத்தோடு மட்டமாக, ஒரு கீறல் வெளியே போகாமல், மூக்கையும் வாயையும் தொடாமல். உளியின் தடம் ஒவ்வொன்றும் வெட்டியவரின் நெஞ்சுப் பக்கமாக இழுத்து வந்திருந்தது.

"இதை யார் சொல்லிக் குடுத்தா?" என்றார் பாவுலூசி.

அக்சாயுக் மூக்கைச் சுருக்கினாள். யாரும் இல்லை.

"என்னங்க," என்றாள் நௌயா. "ஏன் இப்படிப் பண்ணீங்க? கோவமா?"

மறுபடி மூக்கு. இல்லை.

நௌயா தரையில் உட்கார்ந்துகொண்டாள். அந்தப் பெண் வாளியிலிருந்து இறங்கி, உளியைத் துணியில் துடைத்து, இருந்த இடத்தில் வைத்தாள். அதையும் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். காத்திருக்க எங்களுக்குத் தெரியும். பிறகு அவளே சொன்னாள்.

"பிள்ளைன்னா எறங்கி நடக்கும்னு சொன்னியே."

நௌயா அவளைப் பார்த்தாள்.

"மீசை இருந்தா எப்படி எறங்குறது?" என்றாள் அக்சாயுக். "நீ தூங்குறப்பகூடக் குனிஞ்சே தூங்குற."

நௌயா கையை நீட்டவில்லை. கையெல்லாம் மை. அந்தப் பெண்தான் போய் அவள் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். சட்டையில் நீலமும் கறுப்பும் ஒட்டியது. அப்படியே இருந்தார்கள். பாவுலூசி ஜன்னலுக்குப் போய், ஒன்றுமே தெரியாத வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கிருந்தே, திரும்பாமல் பேசினார்.

"ஐம்பதும் ஒரே மாதிரி இருக்கணும், நௌயா. எடுத்தது வரைக்கும் போதும்னு நிறுத்திக்கலாம். மீசையோட. தெக்க வாங்கறவங்க கம்மியா எடுத்துக்குவாங்க. இல்லன்னா..."

"தாள் இருக்கா?"

"இருக்கு. உன் தோள் இருக்கா?"

நௌயா அந்தப் பெண்ணை மடியிலிருந்து இறக்கினாள். எழுந்து போய், காய்ந்து அடுக்கியிருந்த அச்சுகளைக் கொண்டுவந்தாள். எங்கள் கூடத்தில், வேண்டாமென்று ஒதுக்கிய அச்சை எடுத்தவளேதான் கிழிக்க வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது. முதல் தாளை எடுத்து ஒருமுறை பார்த்தாள். மீசைக்காரன் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தான். நடுவில் கிழித்தாள். அந்தத் தாள் சத்தமே போடாமல் கிழியும், துணி மாதிரி. ஒவ்வொன்றாக, ஓர் அவசரமும் இல்லாமல் எல்லாவற்றையும் கிழித்தாள்.

அழுவாள் என்று நினைத்தேன். கல்லைத் துடைத்துவிட்டு உருளையைக் கேட்டாள்.

புதிய அச்சைத் தூக்கியபோது, பைக்குள்ளிருந்து ஒரு சின்ன முகம் எட்டிப் பார்த்தது. ஆணா பெண்ணா என்று தெரியாத முகம். சுமக்கிறவள் குனிந்தபடியேதான் இருந்தாள். அதை யாரும் மாற்றவில்லை.

"அக்கா," என்றாள் நௌயா, "கொஞ்சம் தேய்ச்சுக் குடுக்கறீங்களா? எனக்குக் கை வரல."

இத்தனை வருஷத்தில் தன் வேலையில் அவள் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. தட்டை வாங்கிக்கொண்டேன்.

*

காற்று அடங்கிய மறுநாள் தண்ணீர் லாரி வந்தது. மூன்று நாளாக யாருக்கும் தண்ணீர் இல்லை. நான் என் வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்தேன். நௌயாவின் வீட்டுப் படியில் அக்சாயுக், மை படிந்த சட்டையோடு, இடுப்பில் கை வைத்து நின்றாள். உள்ளே ஜன்னலுக்குப் பின்னால் நௌயா தெரிந்தாள்.

யூசிப்பி குழாயை மாட்டினான். யார் முகத்தையும் பார்க்காமல் காத்திருந்தான். வழக்கமான நேரம் ஆனதும் பம்பை நிறுத்தப் போனான்.

"பாதிதான் ரொம்பியிருக்கு," என்றாள் அக்சாயுக்.

அவன் நின்றான்.

"என் பொண்டாட்டிக்குக் குளிக்கத் தண்ணி இல்ல. ரொம்புற வரைக்கும் நின்னு ஊத்து."

அவன் ஜன்னலைப் பார்த்தான். நௌயா அசையவில்லை. புருவம் மட்டும் உயர்ந்தது. அவன் பம்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, லாரியில் சாய்ந்து நின்றான். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"உன் கூடாரம் பெருசாமே," என்றாள் அக்சாயுக்.

"பெருசுதான்."

"மூணு பேரு படுக்கலாமா?"

யூசிப்பி யோசித்தான். அவசரமில்லாமல், நிஜமாகவே அளந்து பார்ப்பவன் போல யோசித்தான். "இடிச்சிக்கிட்டுப் படுக்கலாம்."

அவள் முன்பல் இல்லாத வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். தொட்டி நிரம்பி, குழாய் ஓரத்தில் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. சொட்டிய இடத்தில் பனி கறுத்தது. இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை.

"சரி," என்றாள். "ஆனா நடுவுல நான்தான்."